வெடியுப்பு, கந்தகம், திரி, கொள்ளி: தமிழ் விவிலியச் சொற்களும் சிவகாசி வட்டாரப் பொருள்கோளும்

ஆய்வுச்சுருக்கம்

விவிலியத்தின் அருஞ்சொற்களுக்கும் குறியீடுகளுக்கும் பொருள் கூறும் தமிழ் உரைநூல்கள் பெரும்பாலும் எபிரேய, கிரேக்க மூலச்சொல்லை எடுத்துக்காட்டுவதோடு தம் பணியை முடித்துக்கொள்கின்றன. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த தமிழ்ச்சொல் இன்று அதை வாசிப்போரின் தொழிலிலும் வாழ்விலும் என்ன பொருள் தருகிறது என்பது ஆராயப்படுவதில்லை. விருதுநகர் மாவட்டத்தின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் நாள்தோறும் புழங்கும் வெடியுப்பு, கந்தகம், திரி ஆகிய சொற்களும், தீயோடு தொடர்புடைய கொள்ளி என்னும் சொல்லும் விவிலிய வசனங்களில் பெறும் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓரிடத்தில் தொழிலறிவே வசனத்தின் கருத்தை நேர்மாறாக்குகிறது என்பதும், அதற்கான காரணம் மொழிபெயர்ப்பில் உள்ளது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தமிழ் விவிலியம், வெடியுப்பு, உவர்மண், கந்தகம், திரி, கொள்ளி, சிவகாசி, பொருள்கோள்.

முன்னுரை

தமிழில் விவிலிய மொழிபெயர்ப்பின் வரலாறு மூன்று நூற்றாண்டுகளைக் கடந்தது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி 1714-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பெப்ரிசியுசின் புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. பீட்டர் பெர்சிவலின் முயற்சியில் ஆறுமுக நாவலர் துணைநின்ற பதிப்பு 1850-இல் வந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளியான ஐக்கிய மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெரும்பான்மையோர் கையில் உள்ளது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. இக்கட்டுரையில் ‘பழைய மொழிபெயர்ப்பு’ எனப்படுவது 1871-ஆம் ஆண்டுப் பதிப்பின் வழிவந்த பாடமாகும்.

அம்மொழிபெயர்ப்பு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் சிவகாசி வட்டாரத்தில் சீர்திருத்தச் சபைப் பணி வேரூன்றியது. தாமஸ் காஜெத்தான் ராக்லாண்டும் அவருடைய தோழர்களும் 1854 முதல் வடதிருநெல்வேலிப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று பணிசெய்தனர். ராக்லாண்டு 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியிலேயே காலமானார். சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் அப்பணியின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. ஆனால், அந்நாளைய சிவகாசியில் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா சென்றது 1922-இல். பட்டாசுத் தொழில் அதன் பின்னரே தழைத்தது. ஆகவே 1871-இல் மொழிபெயர்ப்பாளர் எழுதிய ‘வெடியுப்பு’ம் இன்று சிவகாசி வாசகர் படிக்கும் ‘வெடியுப்பு’ம் எழுத்தால் ஒன்றாயினும் அனுபவத்தால் ஒன்றல்ல.

வெடியுப்பின்மேல் காடி

நீதிமொழிகள் 25:20 ஓர் உவமை வசனம். மனத்துயரில் இருப்பவன் முன் பாட்டுப் பாடுபவனுக்கு இரண்டு உவமைகள் கூறப்படுகின்றன. குளிர்காலத்தில் ஆடையைக் களைவது ஒன்று. மற்றொன்றைப் பழைய மொழிபெயர்ப்பு வெடியுப்பின்மீது காடியை வார்ப்பதாகத் தருகிறது. முதல் உவமை எளிது, இரண்டாவதே சிக்கலானது.

வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்டு. கருமருந்தின் மூன்று கூறுகளான வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றுள் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதுவே. இது தானாக வெடிப்பதில்லை; எரிவதற்கு வேண்டிய ஆக்சிசனைத் தருவதே இதன் வேலை. இதன்மேல் காடியை ஊற்றினால் கண்ணுக்குப் புலனாகும் மாற்றம் எதுவும் நிகழாது. உப்பு நனைந்து ஓரளவு கரையும், அவ்வளவே. உவமைக்கு உரிய நிகழ்ச்சியே இங்கு இல்லை என்றாகிறது.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘நெதேர்’. இது எகிப்திய வேரிலிருந்து வந்தது. எகிப்தின் உவர் ஏரிகளில் படியும் சோடியம் கார்பனேட்டு கலந்த இயற்கைக் காரத்தைக் குறிப்பது. எகிப்தியர் இறந்தோர் உடலைப் பதப்படுத்தவும் துணி வெளுக்கவும் கண்ணாடி செய்யவும் பயன்படுத்தியது இதுவே. இக்காரத்தின்மேல் காடி பட்டால் உடனே நுரைத்துப் பொங்கும். பொங்கி அடங்கியபின் காரமும் கெடும், காடியின் புளிப்பும் கெடும். வருந்துவோன் முன் பாடும் பாட்டு அவன் உள்ளத்தைக் கொந்தளிக்கச் செய்கிறது, இருவருக்கும் பயனின்றிப் போகிறது என்பதே உவமையின் கருத்து. லூத்தர் தம் செருமானிய மொழிபெயர்ப்பில் இவ்விடத்தில் சுண்ணக்கட்டியைக் குறிக்கும் சொல்லை இட்டார். அது மூலப்பொருள் அன்று. ஆயினும் சுண்ணக்கட்டியும் காடியில் நுரைக்கும் ஆதலால் உவமை பிழைத்தது. பொருளைத் தவறவிட்டுக் கருத்தைக் காப்பாற்றிய மொழிபெயர்ப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கிரேக்கச் செப்துவசிந்த் பாடமோ இவ்விடத்தில் ‘புண்’ என்கிறது. புண்ணில் காடி என்னும் அவ்வாசிப்பைப் பின்பற்றும் இக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகளும் உண்டு.

‘நெதேர்’ கிரேக்கத்தில் ‘நித்ரோன்’ ஆயிற்று. அதன் வழியே ஐரோப்பிய மொழிகளில் சென்ற சொல் முதலில் காரத்தையும், பிற்காலத்தில் வெடியுப்பையும் குறித்தது. 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ‘நைட்டர்’ என்று எழுதியபோது பழம்பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல் வெடியுப்பைக் குறிப்பதாகவே நிலைத்துவிட்டது. இன்றைய வேதியியல் பாடநூலில் சோடியத்தின் குறியீடாகிய ‘என்ஏ’ ஒருபுறமும் நைட்ரசன் என்னும் பெயர் மறுபுறமும் நிற்பது இந்த ஒரே வேர் இரண்டாகப் பிளந்ததன் எச்சமாகும். தமிழில் ‘வெடியுப்பு’ வந்தது ஆங்கிலச் சொல்லின் பிற்காலப் பொருளைக் கொண்டதால் எனக் கருத இடமுண்டு.

இக்கருத்தை வலுப்படுத்துவது பழைய மொழிபெயர்ப்பின் மற்றோர் இடம். எரேமியா 2:22-இலும் மூலத்தில் இதே ‘நெதேர்’ வருகிறது. அங்கே தமிழில் உள்ள சொல் ‘உவர்மண்’. அதனை அடுத்து ‘சவுக்காரம்’ வருகிறது. எத்துணைக் கழுவினாலும் போகாத கறை என்பது அங்குப் பேசப்படும் கருத்து. சூழல் சலவையாக இருந்ததால் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. தமிழ்நிலத்து வண்ணார் துணி வெளுக்கும் மண்ணை நினைத்தார். உவர்மண்ணில் உள்ளதும் பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டுக் காரமே. எனவே அவ்விடத்தில் மொழிபெயர்ப்பு சொல்லால் மட்டுமன்றிப் பொருளாலும் மூலத்தைத் தொட்டுவிட்டது. களர்நிலத்தில் தோண்டிய கூவலில் நாள்தோறும் ஆடை வெளுக்கும் பெண்ணைப் புறநானூற்று 311-ஆம் பாடலில் ஔவையார் காட்டுகிறார். அம்மரபு அறிந்த மொழியில் ‘நெதேர்’ என்பதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. நீதிமொழிகளிலும் ‘உவர்மண்’ என்றே இருந்திருப்பின் ஒரு கிண்ணம் புளித்த காடியும் ஒரு பிடி உவர்மண்ணும் வசனத்தை விளக்கப் போதுமானவை.

ஒரே மூலச்சொல்லுக்கு இரண்டு தமிழ்ச்சொற்கள் ஆளப்பட்டமையைச் சொல்லடைவு நூல்களைக் கொண்டு கண்டறிய இயலாது. அவை தமிழ்ச்சொல்லின் அகரவரிசையில் அமைந்தவை. ‘உவர்மண்’ ஒரு பக்கத்திலும் ‘வெடியுப்பு’ மறுபக்கத்திலும் உறவின்றிக் கிடக்கும்.

இனிச் சிவகாசி வட்டார வாசகரிடம் வரலாம். பட்டாசுத் தொழிலை அறியாத ஒருவர் இவ்வசனத்தைப் படிக்கும்போது ‘வெடி’ என்னும் முன்னொட்டால் ஈர்க்கப்பட்டு, காடியை ஊற்றியதும் உப்பு வெடித்துச் சீறுவதாகக் கற்பனை செய்கிறார். அக்கற்பனை வேதியியலுக்குப் பொருந்தாது. ஆயினும் கொந்தளிப்பு என்னும் உவமைக் கருத்தை அவர் அடைந்துவிடுகிறார். தொழில் அறிந்தவரின் நிலை வேறு. அவருக்கு நனைந்த வெடியுப்பு என்பது நமுத்துப்போன சரக்கு. தீப்பற்றாதது, ஆபத்து நீங்கியது. கழிவு மருந்தைத் தண்ணீரில் நனைத்துச் செயலிழக்கச் செய்வது அவர் அறிந்த பாதுகாப்பு முறை. ஆகவே வெடிக்கக் காத்திருந்த துயரத்தைப் பாட்டு நனைத்து அடக்கிவிடுகிறது என்ற பொருளே அவருக்கு இயல்பாகத் தோன்றும். வசனம் கண்டிக்கும் செயல், வசனம் பாராட்டும் செயலாகிவிடுகிறது. அறியாதவர் தவறான வழியில் சரியான இடத்தை அடைகிறார். அறிந்தவர் சரியான வழியில் தவறான இடத்தை அடைகிறார்.

அலுமினியத்தூள் கலந்த மருந்துக் கலவையில் ஈரம் படுவது வெப்பத்தை எழுப்பித் தீயை மூட்டக்கூடும் என்பதும் தொழிலாளர் அறிந்ததே. எனினும் வசனம் கூறுவது கலவையை அன்று, தனி உப்பை. துக்க வீட்டில் பாட்டு வேண்டுமா வேண்டாமா என்பது கருத்துலகில் மட்டும் நிற்கும் வினா அன்று. இறந்தோர் வீட்டில் இரவெல்லாம் பாமாலை பாடும் வழக்கமுள்ள சபைகளில் இவ்வசனத்தின் பொருள் திசைமாறுவது நடைமுறையைத் தொடும் செய்தியாகும். வசனம் எல்லாப் பாட்டையும் விலக்குகிறது என்று கொள்வதும் பிழையே. துயருற்றவனின் நிலையைப் பொருட்படுத்தாத களிப்பே இங்குக் கடியப்படுகிறது.

‘காடி’ பற்றியும் ஒரு சொல் கூறல் தகும். நீர் ஊற்றிப் புளிக்கவைத்த கஞ்சியே தமிழில் காடியின் பழம்பொருள். மொழிபெயர்ப்பாளர் அதனைப் புளித்த திராட்சை இரசத்துக்கு ஆண்டனர். யோவான் 19:29-இல் சிலுவையில் இருந்தவருக்கு நீட்டப்பட்டதும் காடியே. உரோமைப் போர்வீரர் தாகத்துக்குப் பருகிய மலிவான புளிப்புப் பானம் அது. உழைப்போர் பருகும் புளித்த நீர் என்ற அளவில் காடியைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அதே வசனத்தில் கடற்பஞ்சைக் குறிக்கும் ‘கடற்காளான்’ என்னும் அழகிய சொல்லும் உண்டு. இன்று அதற்கே பொருள் சொல்ல வேண்டியுள்ளது. மத்தேயு 5:15-இல் விளக்கை மூடும் ‘மரக்கால்’ என்பதும் அவ்வாறே. 1871-இல் எட்டுப்படி கொள்ளும் அந்த அளவுகலம் எல்லா வீட்டிலும் எல்லாக் களத்திலும் இருந்தது. மெட்ரிக் அளவை வந்தபின் அது அருஞ்சொல்லாகிவிட்டது. வாசகருக்கு அண்மையாக்க ஆண்ட சொற்களே காலத்தால் சேய்மையாகிவிட்ட நிலை இது.

கந்தகம்: தண்டனையும் பிழைப்பும்

கந்தகத்தின் சிக்கல் வேறு வகையானது. இங்கு மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. எபிரேயக் ‘கொஃப்ரீத்’தும் கிரேக்கத் ‘தெயோன்’னும் குறிப்பது கந்தகத்தையே. ஆதியாகமம் 19:24-இல் சோதோம், கொமோராவின்மேல் அது பொழிகிறது. யோபு 18:15-இல் தீயவன் குடியிருப்பின்மேல் தெளிக்கப்படுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் குதிரைகளின் வாயிலிருந்து புறப்படுகிறது. அதே நூலின் 19, 20, 21-ஆம் அதிகாரங்களில் எரியும் நீர்ப்பரப்பாகிறது. உரையாளர் பலர் ‘கந்தகம் என்றால் நியாயத்தீர்ப்பு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். குறியீடுகளைப் பட்டியலிட்டு நேருக்குநேர் பொருள் எழுதும் அகராதி முறையின் குறை இங்கு நன்கு வெளிப்படுகிறது.

ஒரு பொருள் ஏன் குறியீடாயிற்று என்பதை அப்பட்டியல் கூறுவதில்லை. சாக்கடலைச் சூழ்ந்த நிலத்தில் கந்தகக் கட்டிகள் இயல்பாகக் கிடைக்கின்றன. அங்கே நிலக்கீல் ஊறும் கேணிகள் இருந்ததை ஆதியாகமம் 14:10 கூறுகிறது. அந்நிலத்தில் பயிர் இல்லை. உபாகமம் 29:23 இதனைத் தெளிவுபடுத்துகிறது: கந்தகமும் உப்பும் எரித்த நிலத்தில் விதைப்பு இல்லை, முளைப்பு இல்லை, புல்லும் இல்லை. ஆகவே கந்தகத்தின் முதற்குறிப்பு வலி அன்று, மலடு. மண் இனி எதையும் தராது என்பதன் அடையாளம் அது. வெளிப்படுத்தின விசேஷத்தின் எரியும் நீர்ப்பரப்பும் அந்நிலக்காட்சியின் நீட்சி என்றே கொள்ளத்தக்கது.

இங்கு ‘கடல்’ என்ற சொல்லையும் நோக்க வேண்டும். மூலத்தின் ‘லிம்னே’ ஏரியைக் குறிப்பது. லூக்கா 5:1-இல் கெனேசரேத்து நீர்நிலைக்கு ஆளப்படுவதும் இச்சொல்லே; பழைய மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் ‘கடல்’ என்றது. திருவிவிலியம் வெளிப்படுத்தின விசேஷத்தில் ‘ஏரி’ என்று திருத்திக்கொண்டது. ஏரியைக் கண்மாய் என வழங்கும் விருதுநகர் மாவட்டத்தில் வறண்ட கண்மாயின் காட்சி எல்லாருக்கும் பழக்கமானது. கரை கொண்ட, அளவு கொண்ட, ஒரு காலத்தில் நீர் நின்ற இடம் எரிகிறது என்னும் குறிப்பு ‘ஏரி’யில் உண்டு; எல்லையற்ற ‘கடல்’ அதனை மறைத்துவிடுகிறது.

மற்றப் பண்பாடுகளில் கந்தகம் தண்டனைப் பொருளாக மட்டும் நிற்கவில்லை. ஹோமரின் ஒடிசி காப்பியத்தில் நாயகன் தன் அரண்மனையைக் கொலைத்தீட்டு நீங்கக் கந்தகப் புகையால் தூய்மை செய்கிறான். சித்த மருத்துவ மரபு பாதரசத்தைச் சிவக்கூறாகவும் கந்தகத்தைச் சத்திக்கூறாகவும் உருவகிக்கிறது. தோல்நோய்க்குக் கந்தகம் மருந்தாகிறது. வடமொழிவழி வந்த ‘கந்தகம்’ என்னும் பெயரே மணத்தால் அமைந்தது. தமிழ் வாசகர் ‘கந்தகம்’ என்று படிக்கும்போது இம்மருத்துவப் பொருளும் உடன் வருகிறது. சிவகாசியிலோ வெடிக்கலவைக்கு வழங்கும் பெயரே ‘மருந்து’.

உபாகமம் கூறும் வரிசை இவ்வட்டாரத்தில் தலைகீழாகிறது. அங்கே கந்தகமும் உப்பும் வந்ததால் விளைச்சல் நின்றது. இங்கே மழை குறைந்த கரிசல் காட்டில் விளைச்சல் கைகொடுக்காததால் கந்தகமும் உப்பும் வந்தன. உலர்ந்த காற்றும் நீண்ட வெயிலும் வேளாண்மைக்குப் பகையாகி, மருந்தைக் காயவைக்கும் தொழிலுக்குத் துணையாயின. பாவத்தின் கூலியாக வசனம் காட்டும் பொருளே பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகவும் வீட்டு அடுப்பாகவும் இருக்கும் ஊரில், ‘கந்தகம் என்றால் நியாயத்தீர்ப்பு’ என்னும் ஒருவரி விளக்கம் கேட்போரின் கைகளையே சுட்டுவதாக முடியும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய இறப்புகளைக் கண்ட குடும்பங்களின் முன் சோதோம் வசனத்தை விளக்கம் இன்றி வாசிப்பதற்கும் யோபுவின் தோழர்கள் பேசியதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. யோபு 18-ஆம் அதிகாரத்தின் கந்தகச் சொற்களைக் கூறுபவன் பில்தாத் என்பதை உரையாளர் மறந்துவிடலாகாது. துன்பப்படுவோன் பாவியாகவே இருக்க வேண்டும் என்று அவன் வாதிட்டான். நூலின் இறுதியில் அவனும் அவன் தோழர்களும் கடவுளால் கடிந்துகொள்ளப்படுகின்றனர். அதாவது விவிலியத்திலேயே கந்தகக் குறியீடு ஒருமுறை தவறான வாயிலிருந்து, தவறான ஆளை நோக்கிப் பயன்படுத்தப்பட்டுள்ளது. குறியீட்டுப் பட்டியல்கள் யோபு 18:15-ஐ ஆதியாகமம் 19:24-க்குப் பக்கத்தில் ஒரே தரத்தில் வைப்பது பொருள்கோளியல் நோக்கில் பெரும் பிழை.

மங்கும் திரி

ஏசாயா 42:3-இலும் அதனை எடுத்தாளும் மத்தேயு 12:20-இலும் வரும் திரி, விவிலியத்தின் கனிவான படிமங்களுள் ஒன்று. எபிரேயத்தில் ‘பிஷ்தா’ என்பது ஆளிச்செடியையும் அதன் நாரையும், அந்நாரால் ஆன திரியையும் குறிக்கும். யோசுவா 2:6-இல் ராகாப் ஒற்றரை மறைத்த தட்டைகளும் இச்செடியினவே. அங்கே பழைய மொழிபெயர்ப்பு ‘சணல்’ என்றது. 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ஏசாயாவில் செடியின் பெயரையே எழுதியதால் அதன் வாசகர் புகையும் நார்க்குவியலைக் கற்பனை செய்ய நேர்ந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘திரி’ என்று எழுதி விளக்கைக் கண்முன் கொண்டுவந்தனர். ஏசாயா 43:17-இல் இதே சொல் அணைந்துபோகும் திரியைக் குறிப்பது இத்தேர்வு சரியானது என்பதற்கு அகச்சான்று. ஆங்கிலத்தை அப்படியே பின்பற்றினர் என்று தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பொதுவாகக் குறைகூறுவோர் இவ்விடத்தைக் கருத்தில் கொள்வது நல்லது.

ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ‘திரி’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது விளக்குத்திரி அன்று. கருந்திரி என்பது நூலில் மருந்து பூசி உலர்த்தியது. அது மங்கி எரியுமானால், அல்லது புகைந்துகொண்டே நின்றுவிட்டதுபோல் தோன்றுமானால், அதுவே மிகுந்த ஆபத்தின் தருணம். அணைந்தது என எண்ணிக் குனிந்து பார்த்தவர் கையும் கண்ணும் இழக்கும் இடம் அது. புகையும் திரியை அணைக்காமல் விடுவது அங்கே இரக்கம் அன்று, அறியாமை.

வசனத்தின் திரி எண்ணெய் குறைந்த அகல்விளக்கினது. அதனை அணைத்துப் புதுத்திரி இடுவது எளிது, செலவும் இல்லை. அவ்வளவு மலிவான ஒன்றையும் அவர் வீணென்று தள்ளவில்லை என்பதே படிமத்தின் உயிர். மத்தேயுவின் கிரேக்கச் சொல் ‘புகைகிற’ என்றே பொருள்படும்; எபிரேயச் சொல் ‘மங்கிய’ என்பது. தமிழ் மத்தேயுவும் ஏசாயாவின் மங்கலையே மேற்கொண்டது. புகையை நீக்கி ஒளியைக் காத்த இத்தேர்வு, கருந்திரி அறிந்த வாசகரைத் தவறான வழியிலிருந்து ஓரளவு விலக்கிவிடுகிறது. ‘விளக்கின்’ என்னும் ஒரு சொல்லைக் குறிப்பாகச் சேர்த்தால் எஞ்சிய மயக்கமும் தீரும்.

நார்ப்பொருளின் அழிவுத் திறத்தையும் விவிலியம் அறியும். ஏசாயா 1:31-இல் வலியவன் ‘சணற்கூளம்’ ஆகிறான், அவன் செயலே அவனைப் பற்றும் பொறியாகிறது. ஆளிநாரின் இவ்விரு முகங்களும் ஒரே தீர்க்கதரிசி நூலில் நிற்கின்றன: வலியவன் கையில் அது கூளம், மெலிந்தவன் விளக்கில் அது திரி. சிவகாசி வாசகருக்கு இரண்டாவதைவிட முதலாவதே எளிதில் விளங்கும். தீப்பொறி பட்ட கூளத்தின் விரைவை அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

வசனம் தனித்து நிற்கும்போது இம்மயக்கங்கள் பெருகுகின்றன. நாட்காட்டி அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊரும் சிவகாசியே. நாளுக்கொரு வசனம் தாங்கிய நாட்காட்டிகள் தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் தொங்குகின்றன. அத்தாளில் வசனத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதிகாரத்தின் ஓட்டத்தில் தானே தெளியக்கூடிய சொல், கிழிக்கும் தாளில் தனித்து நின்று அருஞ்சொல்லாகிவிடுகிறது.

கொள்ளி

சகரியா 3:2-இல் தலைமைக் குரு யோசுவா, தீயினின்று பறித்தெடுக்கப்பட்ட கொள்ளியாக உருவகிக்கப்படுகிறார். ஆமோஸ் 4:11-இலும் இப்படிமம் உண்டு; அங்கே சோதோமின் அழிவு அதனோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. 1709-இல் தம் தந்தையின் இல்லம் தீப்பற்றியபோது சிறுவனாக மீட்கப்பட்ட ஜான் வெஸ்லி இவ்வுருவகத்தை வாழ்நாள் முழுதும் தமக்கு உரியதாகக் கருதினார். மேலை மரபில் அது நன்றியின் சொல்.

தமிழில் ‘கொள்ளி’ அத்துணை எளிதாக நன்றியைத் தருவதில்லை. கொள்ளி வைத்தல் என்பது ஈமக்கடன். கொள்ளிக்குப் பிள்ளை வேண்டும் என்பது வழக்கு. கொள்ளிக்கட்டை, கொள்ளிவாய்ப் பிசாசு, கொள்ளிக்கண் ஆகிய தொடர்கள் அனைத்தும் அச்சத்தையும் அமங்கலத்தையும் சுமப்பவை. நீதிமொழிகள் 26:18-இல் பித்துப்பிடித்தவன் எறிவதும் கொள்ளியே. எனவே ஒருவரைக் ‘கொள்ளி’ என அழைப்பது தமிழ்ச்செவிக்கு வசையாகவே ஒலிக்கும். மூலத்தின் ‘ஊத்’ பாதி எரிந்த கட்டையைக் குறிப்பது. தீயைக் கிளறும் கோல் என்பாரும் உளர். எரிந்த பகுதியும் எரியாத பகுதியும் ஒருங்கே உடையது என்பதுதான் அதன் சிறப்பு. ‘குறைக்கொள்ளி’ என்ற தமிழ் வழக்கு இதற்கு இன்னும் நெருங்கியது.

தீ விபத்தில் உயிர்தப்பித் தழும்புகளோடு வாழ்வோர் உள்ள வட்டாரத்தில் இவ்வசனத்தைக் கையாள்வது எளிதன்று. தழும்புற்றவரை நோக்கி ‘கொள்ளி’ என்பது காயத்தின்மேல் காயமாகலாம். அதேவேளை அவர் நிலையை நேரே கண்டுபேசும் வசனமும் விவிலியத்தில் வேறு அதிகம் இல்லை. அதிகாரத்தைத் தொடர்ந்து வாசிப்பதே இங்கு வழி. சகரியாவின் காட்சியில் கொள்ளி என்னும் சொல்லை யோசுவாவின்மேல் குற்றம் சாட்டுபவன் கூறவில்லை. குற்றம் சாட்டுபவனைக் கடிந்து அவன் வாயை அடைக்கவே அச்சொல் கூறப்படுகிறது. தீயின் அடையாளம் தாங்கியவர்மேல் மேலும் பழி சுமத்தாதே என்பது அதன் தொனி. அதற்கு அடுத்த வசனங்களில் யோசுவா அழுக்கான உடையோடு நிற்கிறார். அவ்வுடை களையப்படுகிறது, சிறந்த உடை அணிவிக்கப்படுகிறது, தலையில் தூய பாகை வைக்கப்படுகிறது. எரிந்த கட்டையை யாரும் உடுத்துவதில்லை, மனிதரையே உடுத்துவர். உருவகம் அந்த இடத்தில் தன்னைத் தானே கைவிட்டு, கட்டையைத் திரும்பவும் ஆளாக்கிவிடுகிறது.